முதல் போட்டிக்கு எந்த பிஸ்டல், என்னென்ன சாமான்?

பிராக்டிகல் ஷூட்டிங் பக்கம் வர நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" என்பதுதான். "ஒரு போட்டியையாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிக்கொண்டு வந்து, அதில் பாதி தன் போட்டிப் பிரிவில் (துப்பாக்கி வகைக்கேற்பப் பிரித்திருப்பார்கள்) செல்லாது என்று போட்டியன்று காலையில் தெரிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். அதனால் இங்கே வரிசையைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பிஸ்டல் மூன்றாவதாகத்தான் வரும்.

முதலில் வெறுங்கையோடு போங்கள்

துப்பாக்கி வைத்துக்கொள்ள, வீட்டில் பூட்டி வைக்க, வண்டியில் எடுத்துப்போக உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கிளப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கேயே அடுத்த போட்டி எப்போது என்றும் கேட்டு, அன்று காது மூடியும் கண்ணாடியும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு ஸ்க்வாடுடன் (ஒன்றாகச் சுற்றி வந்து சுடும் குழு) சேர்ந்து நடந்து, சுட்ட அட்டைகளில் ஓட்டைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆள் எப்போதும் போதாது.

அங்கே நடப்பது இதுதான். அட்டை இலக்குகளும் எஃகுத் தகடுகளும் வைத்த ஓர் அமைப்புக்கு ஸ்டேஜ் என்று பெயர். டைமர் பீப் அடித்ததும் உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து, நடந்தும் ஓடியும் எல்லாவற்றையும் சுட்டு முடிக்க வேண்டும். அட்டை ஒவ்வொன்றிலும் பொதுவாக இரண்டு குண்டு. நடுவே உள்ள ஏ பகுதிக்கு 5 புள்ளி. தள்ளிப் பட்டால், சி, டி பகுதிகளுக்குப் புள்ளி குறைவு. தவறவிட்டால் 10 கழியும். கிடைத்த புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர்.

இந்தக் கணக்கு ஒருமுறை மண்டையில் ஏறிவிட்டால் சாமான் வாங்கும் புத்தியே மாறிவிடும். 12 குண்டு ஸ்டேஜ் ஒன்று. ஒருவர் எட்டு ஏ, நாலு சி (ஒன்றுக்கு 3 புள்ளி) அடித்து 52 புள்ளியோடு 13 வினாடியில் முடிக்கிறார். இன்னொருவர் பதினோரு ஏ, ஒரே ஒரு சி. 58 புள்ளி, 14.5 வினாடி. இருவருக்கும் ஹிட் ஃபேக்டர் சரியாக 4. ஒன்றரை வினாடியை ஆறு புள்ளி ஈடுகட்டிவிட்டது. முதல் போட்டியில் மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) மாற்றத் தடுமாறினாலே மூன்று வினாடி போய்விடும். எந்த விலையுயர்ந்த பிஸ்டலும் அந்த மூன்று வினாடியைத் திருப்பித் தராது.

பிறகு பிரிவைத் தேர்ந்தெடுங்கள்

இந்த விளையாட்டின் சர்வதேச அமைப்பான ஐ.பி.எஸ்.சி. 1976இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் உருவானது. துல்லியம், ஆற்றல், வேகம் என்ற பொருளில் மூன்று லத்தீன் சொற்கள் அதன் முத்திரை வாக்கு. நடுவில் இருக்கும் அந்த 'ஆற்றல்' வெறும் அலங்காரம் இல்லை. பவர் ஃபேக்டர் என்று அதற்கு ஓர் அளவுகோலே இருக்கிறது. குண்டின் எடையைக் கிரெயினிலும், வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 125ஐத் தொட்டால் மைனர். மேஜர் என்று சொல்லிக்கொள்ள ஸ்டாண்டர்ட் பிரிவில் 170, ஓப்பன் பிரிவில் 160 வேண்டும். மேஜருக்கு என்ன லாபம்? சி பகுதியில் மைனருக்கு 3 புள்ளி என்றால் மேஜருக்கு 4. டியில் 1க்குப் பதில் 2. ஏ எல்லாருக்கும் 5தான்.

புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது புரொடக்‌ஷன் பிரிவு. எந்தத் தோட்டா போட்டாலும் அங்கே எல்லாருக்கும் மைனர் கணக்குதான். பெரிய தோட்டா, பெரிய உதை எதுவும் தேவையில்லை. சாதாரண 9 மி.மீ. போதும். தொடக்கத்தில் மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் கூடாது என்பதால், பெரிய மேகசின் வைத்திருப்பவரைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் சைட்) ஆசை உள்ளவருக்கு புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் இருக்கிறது. 1911 வகைத் துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருந்தால் கிளாசிக் பிரிவுக்குப் போகலாம். அங்கே மேஜருக்கு 8, மைனருக்கு 10 தோட்டா. ஓப்பன் பக்கம் இப்போதைக்குத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அது தனி உலகம், தனிச் செலவு.

விதிப் புத்தகத்தின் புதிய பதிப்பை இறக்கி, உங்கள் பிரிவின் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். புரொடக்‌ஷனில் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாடல்தான் செல்லும். குழல் நீளம் 127 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. கிளாக் 34 நல்ல பிஸ்டல், போட்டிக்கென்றே செய்தது. ஆனால் அதன் குழல் 135 மி.மீ. என்பதால் இங்கே உள்ளே விடமாட்டார்கள். அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. விதிகளில் அதே துப்பாக்கி சரி. ஐ.டி.பி.ஏ. முறை இன்னும் வேறு. மேல் உடைக்குள் மறைத்து எடுக்கும் போட்டி அது. எந்த அமைப்பின் விதியில் சுடப்போகிறோம் என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்.

இப்போது பிஸ்டல்

உங்களிடமோ கிளப்பிலோ ஏற்கெனவே நம்பகமான, முழு அளவு 9 மி.மீ. பிஸ்டல் ஒன்று இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். முதல் போட்டிக்கு அது போதும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஆபத்தில்லாத திசையில் நீட்டிப் பிடித்து மூன்று விஷயம் கவனியுங்கள். ட்ரிகரை விரல் நுனியின் சதைப் பகுதி நேராக எட்டுகிறதா, இல்லை கையைச் சுழற்றிப் பிடித்தால்தான் எட்டுகிறதா? பிடியை மாற்றாமல் கட்டை விரல் மேகசின் பட்டனை அழுத்துகிறதா? கண்ணை மூடிக்கொண்டு நீட்டி, பிறகு திறந்தால் சைட் (குறிபார்க்கும் முனைகள்) ஏறக்குறைய நேராக நிற்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அந்த பிஸ்டலுக்கும் உங்கள் கைக்கும் பொருத்தம் இருக்கிறது. கடைக்காரரின் ஆலோசனையைவிட இந்த ஒரு நிமிடச் சோதனையை நான் நம்புவேன்.

எடையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. கிளாக் 17 மேகசின் இல்லாமல் 630 கிராம் அளவில் இருக்கும். சிஇசட் ஷேடோ 2 முழுக்க எஃகு, 1.3 கிலோவுக்கு மேல். கனமானது உதையை விழுங்கிவிடும், சைட் குதிக்காது. அதனால்தான் புரொடக்‌ஷன் வரிசையில் நின்று பார்த்தால் ஷேடோக்களாகத் தெரியும். ஆனால் புதியவருக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. டபுள் ஆக்‌ஷன் பிஸ்டலை (ட்ரிகரை இழுத்தாலே ஹேமர் பின்னால் போய் அடிக்கும் வகை) இந்தப் பிரிவில் ஹேமர், அதாவது பின்புறம் தெரியும் சிறு சுத்தியல், கீழே இறங்கிய நிலையில்தான் தொடங்க வேண்டும். ஷேடோ 2இல் ஹேமரை இறக்கத் தனி நெம்புகோல் கிடையாது. சேம்பரில் (குழலின் பின்முனை அறை) தோட்டா இருக்கும்போதே, ட்ரிகரை அழுத்திக்கொண்டு கட்டை விரலால் மெல்ல இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும், அதோடு அன்றைய போட்டி முடிந்தது. காலித் துப்பாக்கியில் நூறு முறை செய்து பழகியவருக்கு இது சாதாரண வேலை. பழகாதவர் கை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுங்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் பிஸ்டலாக ஹேமர் வெளியே இல்லாத ஸ்ட்ரைக்கர் வகையைச் சொல்கிறேன். கிளாக், வால்தர், எஸ்ஐஜி, கானிக் என்று எதுவானாலும் சரி. நீங்கள் எடுக்கும் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரெட் டாட் வேண்டுமா? பழைய சைட்டில் முன் முனையைப் பார்ப்பதா, இலக்கைப் பார்ப்பதா என்ற குழப்பம் ரெட் டாட்டில் இல்லை. இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் வந்து உட்காரும். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியத் தொடங்கிய கண்களுக்கு இது வரம்தான். ஆனால் உறையிலிருந்து எடுத்து நீட்டியதும் புள்ளி எங்கே என்று தேடும் நாட்கள் சில வாரமாவது இருக்கும். அதற்குப் பொறுமை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ட்ரிகர் கிட், கனமான பிடி, ஸ்பிரிங் மாற்றம் எதையும் இப்போது தொடாதீர்கள். பிஸ்டல் வந்ததும் போட்டிக்கு எடுத்துப்போகும் அதே தோட்டா, அதே மேகசின்களோடு 200 சுட்டுப் பாருங்கள். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை என்றால் அது தயார். சிக்கினால் எந்த மேகசினில் சிக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழி பிஸ்டல் மேல் விழும். குற்றவாளி பெரும்பாலும் மேகசின்தான்.

பெல்ட், உறை, பவுச்

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால் என் விரல் இங்கேதான் காட்டும். முதல் போட்டிக்கு நான் பேன்ட்டுக்குப் போடும் தோல் பெல்ட்டோடுதான் போனேன். பீப் அடித்தது, பிடித்து இழுத்தேன். பிஸ்டலோடு உறையும் பெல்ட்டும் சேர்ந்து விலா வரை ஏறி வந்தன. பிஸ்டல் வெளியே வந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிப்பாவது போகட்டும். அடுத்த ஸ்டேஜில் ஓடும்போது மேகசின் வைக்கும் பவுச் சுழன்று முதுகுப் பக்கம் போய்விட்டது. தேடின கை காற்றைத்தான் பிடித்தது.

போட்டி பெல்ட் இரண்டு துண்டாக வரும். உள் பெல்ட் பேன்ட் வளையங்களுக்குள் போகும், வெளிப்புறம் வெல்க்ரோ. விறைப்பான வெளி பெல்ட் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். உறையையும் பவுச்சுகளையும் வெளி பெல்ட்டில் ஒருமுறை திருகிப் பொருத்திவிட்டால் பிறகு எப்போதும் அதே இடம்தான். கை கண் பார்க்காமலே போய் எடுக்கும். விறைப்பு முக்கியம், இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதாக முறுகினால் வேண்டாம்.

உறை உங்கள் மாடலுக்கென்றே வார்த்த கைடெக்ஸ் போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில், இடுப்புக்கு வெளியே மாட்டும் வகையாக இருக்கட்டும். ட்ரிகர் முழுக்க மூடியிருக்க வேண்டும். துணி உறை, எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும் என்று விற்கும் உறை, அக்குள் உறை எதுவும் வேண்டாம். வாங்கியதும் காலி பிஸ்டலை வைத்து, மெத்தை விரித்து, அதன் மேல் நின்று குதியுங்கள், குனியுங்கள், திரும்பி ஓடுங்கள். விழவே கூடாது. விழுந்தால் திருகை இறுக்குங்கள். போட்டியில் நிரப்பிய பிஸ்டல் தரையில் விழுந்தால் நேராக வீட்டுக்குத்தான்.

எங்கே மாட்டுவது என்பதற்கும் விதி இருக்கிறது. புரொடக்‌ஷனில் உறையும் பவுச்சும் இடுப்பெலும்பின் முன் முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பெல்ட்டிலிருந்து 50 மி.மீட்டருக்கு மேல் விலகி நிற்கக் கூடாது. தொப்புளுக்கு நேரே மேகசின் வைத்துச் சுடும் வீரர்களின் வீடியோவைப் பார்த்து அப்படியே மாட்டாதீர்கள், அவர்கள் வேறு பிரிவு. வலது கைக்காரர் என்றால் பவுச்சுகள் இடப்பக்கம், தோட்டா முனை முன்னோக்கி. எடுக்கும்போது ஆள்காட்டி விரல் முதல் தோட்டாவின் மூக்கைத் தொட வேண்டும். அந்த விரல்தான் மேகசினுக்கு வழிகாட்டி.

மேகசின் எத்தனை?

பெரிய ஸ்டேஜுக்கு அதிகபட்சம் 32 குண்டு. 15 வீதம் மூன்று மேகசின் போதுமே என்று கணக்கு சொல்லும். ஆனால் மேகசின் தீரும் வரை யாரும் காத்திருப்பதில்லை. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடக்கும் நேரத்தில் மாற்றுவார்கள், பாதி நிறைந்த மேகசின் தரையில் விழும். அப்புறம் தவறவிட்ட எஃகுத் தகட்டுக்கு இரண்டு மூன்று கூடுதல் குண்டு போகும். ஆகவே பிஸ்டலில் ஒன்று, பெல்ட்டில் நாலு, ஆக ஐந்து. எல்லாவற்றிலும் பெயின்ட் மார்க்கரால் எண் போடுங்கள். சிக்கல் வந்தால் "மூன்றாம் நம்பர்" என்று பிடித்துவிடலாம், மற்றவருடையதோடு கலக்கவும் செய்யாது. மணலில் விழுந்ததை அப்படியே நிரப்பாமல் உள்ளே ஒரு பிரஷ் விட்டு எடுங்கள்.

தோட்டா

ஆறு ஸ்டேஜ் போட்டி ஒன்றில் மூன்று சிறியது, இரண்டு நடுத்தரம், ஒன்று பெரியது என்று வைத்தால் அதிகபட்சம் 36, 48, 32, மொத்தம் 116. நான் 200 எடுத்துப் போகச் சொல்வேன். மறுபடி சுடச் சொல்லலாம், வேகம் அளக்க எடுத்துக்கொள்ளலாம், நீங்களே வீணாக்கவும் வீணாக்குவீர்கள். கடையில் கிடைக்கும் 124 கிரெயின் குண்டு வினாடிக்கு 1050 அடி போனால் பவர் ஃபேக்டர் 130. மைனருக்கு 125 போதும் என்பதால் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. ஆனால் பெட்டியில் போட்ட வேகம் உங்கள் குழலில் அப்படியே வரும் என்று நம்பாதீர்கள். யாரிடமாவது வேகம் அளக்கும் குரோனோகிராஃப் இருந்தால் பத்து குண்டு அளந்துவிடுங்கள். எஃகு உள்ளீடு கொண்டதோ கவசம் துளைப்பதோ கூடவே கூடாது, தகடுகளும் கெடும், ஆளும் காயப்படுவார். வீட்டில் நிரப்பும் வேலையை இரண்டாம் வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கண், காது, சட்டைக் காலர்

கண்ணாடியும் காது மூடியும் கட்டாயம், பார்க்க வந்தவருக்கும்தான். பிஸ்டல் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். பஞ்சு வைத்து ஏமாற்ற முடியாது. பேச்சைக் கேட்கவிட்டு வெடிச் சத்தத்தை மட்டும் அடக்கும் எலக்ட்ரானிக் மூடி வாங்கினால் கட்டளைகளும் காதில் விழும். தகட்டில் பட்டுத் தெறிக்கும் ஈயத் துணுக்குக்காக, பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி எடுங்கள். தகட்டை 7 மீட்டருக்குள் போய்ச் சுடக் கூடாது என்று விதி இருப்பதும் இதனால்தான்.

தொப்பி ஏன் என்று பலர் கேட்பார்கள். வெயிலுக்கு மட்டும் இல்லை. வெளியே தெறிக்கும் சுடச்சுடப் பித்தளைக் கூடு கண்ணாடிக்கும் புருவத்துக்கும் நடுவே வந்து விழும், முன் விளிம்பு அதைத் தடுக்கும். அதேபோல் கழுத்து திறந்த சட்டை வேண்டாம். காலருக்குள் விழுந்த கூடு தோலைச் சுட்டதும் உடம்பு தானாகத் துள்ளித் திரும்பும், பிஸ்டல் பிடித்த கையும் கூடவே திரும்பும். அப்படித் தகுதி இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்னத் தழும்போடு போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குழலை முன்னாலேயே வைத்திருங்கள். காலணிக்கு, சரளையில் வழுக்காத அடிப்பாகம் இருந்தால் சரி.

போட்டிக்கு முந்தைய மூன்று வாரம்

தினமும் பத்து நிமிடம், வீட்டில், காலித் துப்பாக்கியோடு. தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. மேகசின்களையும் திறந்து பாருங்கள். குண்டைத் தாங்கக்கூடிய சுவர் பக்கமாகவே நீட்டுங்கள். மூன்றே வேலை: உறையிலிருந்து எடுப்பது, மேகசின் மாற்றுவது, நடந்துகொண்டே இரண்டையும் செய்வது. வேகம் வேண்டாம். மேகசின் மாற்றும்போதும் நடக்கும்போதும் விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே, மேல் பாகமான ஸ்லைடின் பக்கவாட்டில் நேராக ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். போட்டியில் ஆர்.ஓ. (ரேஞ்ச் ஆபீசர், அதாவது நடுவர்) முதலில் பார்ப்பது அந்த விரலைத்தான்.

சுடுதளத்தில் ஒரு நாள் 15 மீட்டரில் நின்று, சாய்மானம் வைத்து, குண்டு எங்கே போகிறது என்று சரிபாருங்கள். பிறகு 25 மீட்டரில் ஒருமுறை. அதோடு சைட்டைத் தொடாதீர்கள். போட்டிக்கு முந்தின இரவு சைட் திருகுகிறவர்களை எனக்குத் தெரியும்.

அன்றைய தினம்

பிஸ்டல் காலியாக, பைக்குள் இருக்கட்டும். வந்ததும் சேஃப்டி ஏரியா எங்கே என்று கேளுங்கள். பையிலிருந்து எடுத்து உறையில் வைப்பதை அங்கே மட்டும்தான் செய்யலாம். அந்த இடத்தில் தோட்டாவைத் தொடக் கூடாது, நிரப்பிய மேகசினையும் கையில் எடுக்கக் கூடாது. புதியவர்கள் அறியாமல் செய்து சிக்கிக்கொள்ளும் விதி இது. ஆர்.ஓ.விடம் "இது என் முதல் போட்டி" என்று சொல்லிவிடுங்கள். ஸ்க்வாடில் முதல் ஆளாகச் சுடாமல் நடுவில் போட்டுத் தருவார்கள், நாலு பேர் சுடுவதைப் பார்க்கலாம்.

உங்கள் முறை வந்ததும் "லோட் அண்ட் மேக் ரெடி" என்பார். அப்போதுதான் நிரப்ப வேண்டும். "ஆர் யூ ரெடி" என்றதும் நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் தயார் என்று பொருள். தயாராக இல்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். "ஸ்டாண்ட் பை" என்ற பின் 1 முதல் 4 வினாடிக்குள் பீப். சுட்டு முடித்ததும் காலி செய்து காட்டி, குழலைக் குண்டு தாங்கும் மேட்டுப் பக்கமே வைத்து ட்ரிகரை ஒருமுறை அழுத்திவிட்டு உறையில் வைக்க வேண்டும். "ரேஞ்ச் இஸ் கிளியர்" கேட்கும் வரை குனிந்து மேகசின் பொறுக்கப் போகாதீர்கள். "ஸ்டாப்" என்று சத்தம் கேட்டால் எந்தக் காரணமும் யோசிக்காமல் அப்படியே நில்லுங்கள்.

குழல் முனை இரு பக்கமும் 90 டிகிரியைத் தாண்டக் கூடாது. வலது கைக்காரர் இடப்பக்கம் ஓடும்போது இது தானாகவே பின்னால் சாயும். சுடும் கையை முன்னே நீட்டியபடி, பக்கவாட்டாக ஓடுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஓடவே வேண்டாம், நடந்தாலே போதும்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே, மறப்பதற்குள், என்ன தடுமாறியது என்று எழுதிக்கொள்ளுங்கள். எது தளர்ந்தது, எந்த மேகசின் சிக்கியது, எங்கே கை தேடியது. அடுத்து என்ன வாங்குவது என்பதை அந்தக் காகிதம் சொல்லும். என் முதல் காகிதத்தில் நாலே வரிதான் இருந்தது. மூன்று வரி பெல்ட்டைப் பற்றி.